பதினெட்டாம் அத்தியாயத்தில் நான் திருடிய வரி

காதலர் இருவரைச் சேர்த்துவைக்காமல் கலைவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு தலைமை ஏற்றிருக்கும் எங்கள் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே! எழுதத் தெரியாதவளுக்கும் எழுந்து நிற்க இடம் தரும் ஃபோர்ட் போர்ட்டல் நகரத்துப் பெரியோர்களே! சந்தைக் கடையைச் சாத்திவிட்டு, மடியில் கூடையோடு முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் தாய்மார்களே! மழைக்கு ஒதுங்கினோம், மாட்டிக்கொண்டோம் என்று விழிக்கிற மோட்டார் சைக்கிள் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும், தேயிலை ஆலையில் இலை நிறுக்கும் கொமுஹெண்டோவின் ஈரம் சொட்டும் வணக்கம்!

'காதலர் உரையாடலை உயிரோட்டமாக எழுதுவது எப்படி?' இது எனக்குக் கொடுத்த தலைப்பு. யாருக்கு? கட்டிய கணவனோடு இருபத்திரண்டு நாளாகச் சரியான பேச்சுவார்த்தை இல்லாத எனக்கு! ஆற்றில் விழுந்தவளைக் கூப்பிட்டு ஆழம் கேட்கிறீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். ஆழம் எனக்குத்தான் தெரியும்.

'குன்றோரத்து மருத்துவமனை' டிவி தொடர் பாதியில் நின்றபோது இந்த ஊர் அழுத அழுகையை மறப்போமா? டாக்டர் குகோன்சா ஒரு பேருந்தில், டீச்சர் பசெமேரா இன்னொரு பேருந்தில். ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. அத்தோடு முடித்துவிட்டார்கள். விடுவோமா? மிச்சத்தை நானே எழுதுகிறேன் என்று மார்தட்டிக் கிளம்பினேன். வாட்ஸ்அப்பில் வாரம் ஓர் அத்தியாயம். வாசகர்கள் இருநூற்று நாற்பது பேர். என் மண்டைக்கனத்துக்கு மட்டும் கணக்கே இல்லை.

என் முதல் காதல் காட்சியைச் சொல்லட்டுமா? வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார் ஒரு தாய். படித்தவர் போலிருக்கிறது! "பசெமேரா, உன் விழிகள் விண்மீன்கள், உன் மொழிகள் தேன்துளிகள், உன் மௌனம் மாபெரும் கடல்" என்றான் டாக்டர். அவள் சும்மா இருந்தாளா? "குகோன்சா, என் இதயத்தின் கதவுகள் உன் காலடி ஓசைக்காகக் காத்துக் கிடக்கின்றன" என்றாள். இப்படியே மூன்று பக்கம்! பேசியவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை. படித்தவர்களுக்கு வாங்கியது.

மறுநாள் சந்தையில் பீன்ஸ் விற்கும் அக்கீக்கி அக்கா, அதோ உட்கார்ந்திருக்கிறாரே அவர்தான், என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி அமோட்டி, அவங்க ரெண்டு பேருக்கும் கோர்ட்டுல கேஸா?"

"இல்லக்கா, காதல்."

"காதலா? அப்புறம் எதுக்குடி முழுப்பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிறாங்க? எம்புருசன் என் முழுப்பேரச் சொன்னது ரெண்டே தடவதான். ஒண்ணு, கல்யாணத்துல ஃபாதர் முன்னால. இன்னொண்ணு, அவரு ஆசையா வளத்த ஆட்ட நான் வித்தப்போ!"

சபையோரே, சுருக்கென்று தைத்தது! பெண் என்றால் மூன்றாம் நாள், ஆண் என்றால் நான்காம் நாள், பெயரோடு ஒரு செல்லப்பெயரும் சூட்டுகிறவர்கள் அல்லவா நாம்? கொமுஹெண்டோவாகிய நான் உங்களுக்கெல்லாம் அமோட்டி ஆனது அப்படித்தானே? பன்னிரண்டே பன்னிரண்டு செல்லப்பெயர்களை ஊரெல்லாம் பங்கு போட்டுப் புழங்குகிறவர்கள் அல்லவா நாம்? கோழி திருடியவனைக்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தானே துரத்துகிறோம்? அதைக் காதலர்களுக்குக் கொடுக்க மறந்தேனே, நானும் ஓர் எழுத்தாளர்!

அன்றோடு கற்பனையைக் கட்டி வைத்தேன். காதைத் தீட்டிக்கொண்டேன். யாரிடம் கேட்பது? வீட்டில் ஒருவர் இருக்கிறாரே. வாடகைக்குப் பிக்கப் வண்டி ஓட்டும் என் கணவர் அராலி அதிகம் பேசாதவர். ஒரு மழை நாள், ஆலையிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தேன். முதுகுவலி என்று குப்புறப் படுத்திருந்தவர் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அமோட்டி, உன் காலு மீனாட்டம் சில்லுனு இருக்கு. எம் முதுகுல வெச்சுக்க. கத்தமாட்டேன்."

கத்தினார். ஆனால் காலை எடுக்கச் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன்? அந்த வரியை அப்படியே தூக்கிப் பதினெட்டாம் அத்தியாயத்தில் டாக்டர் வாயில் வைத்தேன். ஒரு சொல் மாற்றவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரே உருகியது! "இப்படியெல்லாம் எப்படித் தோணுது?" என்று கேட்டவர்களுக்கு, "எங்க வீட்டுக்காரரு சொன்னது" என்று நானே பூரித்துப்போய்ப் பதில் போட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. நான் விரலாலும் கெட்டேன்.

மறுநாள் காலை வண்டி நிறுத்தத்தில் அவருக்கு வரவேற்பு.

"அராலி அண்ணே, முதுகு காலியா இருக்கா?"

"எனக்கும் காலு சில்லுனு இருக்குண்ணே!"

யார் அங்கே சிரிப்பது? அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் நீதானே தம்பி? சிரி, சிரி.

அவர் வீட்டுக்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். "கொமுஹெண்டோ, உப்பு" என்றார். அவ்வளவுதான்! கொமுஹெண்டோ, கதவச் சாத்து. கொமுஹெண்டோ, மழை வருது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். முழுப்பெயருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

"எம்மேல என்னதான் கோவம்?" என்று கேட்டேன்.

"கோவமில்ல. இந்த வீட்டுல இருநூத்தி நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. அவங்க முன்னால நான் என்னத்தப் பேசறது?"

"தப்புதான், மன்னிச்சிடுங்க."

"இதையும் எழுதுவியா?"

அழுதேன் ஐயா. நிஜமாகவே அழுதேன். பதினெட்டு அத்தியாயம் எழுதியும் எனக்குப் புரியாததை, ஒற்றைக் கேள்வியில் புரியவைத்தார். அந்தரங்கப் பேச்சுக்கு அழகு எங்கிருந்து வருகிறது? அடுக்குச் சொல்லிலிருந்தா? இல்லை! உவமையிலிருந்தா? இல்லை! உலகத்தில் ஒரே ஒரு காதுக்காகச் சொன்னது என்பதிலிருந்து வருகிறது! அந்த ஒரு காது நம்பிக்கைக்கு உரியது என்பதிலிருந்து வருகிறது! அந்தக் காதே ஒலிபெருக்கியாக மாறினால், அப்புறம் எந்த வாய் திறக்கும்?

ஆகவே அவையோரே, கடைசி அத்தியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். டாக்டரும் டீச்சரும் பேருந்து நிலையத்தில் சந்திக்கிறார்கள். அவன் குனிகிறான். அவள் செல்லப்பெயரைச் சொல்லிக் காதோடு ஏதோ சொல்கிறான். பேருந்து ஹாரன் அடிக்கிறது. அவள் சிரிக்கிறாள். முற்றும்!

என்ன கூச்சல்? "ஏமாத்தாதடி, என்ன சொன்னான்னு சொல்லு" என்கிறீர்களா, அக்கீக்கி அக்கா? சரி, மேடைக்கு வாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் நேற்று உங்கள் காதில் சொன்னதை இந்த மைக்கில் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். பார்த்தீர்களா, கூடைக்குள் முகத்தைப் புதைக்கிறார்! அவ்வளவுதான் அக்கா என் இலக்கணம்.

இனி, கதவோரம் நிற்பவருக்கு ஒரு வார்த்தை. நாற்காலி இறக்க வந்ததாகச் சொல்லிவிட்டு, இறக்கி முடித்து ஒரு மணி நேரமாகியும் போகாமல் நிற்பவரே! ஊரறியப் பறித்ததை ஊரறியத்தானே திருப்பித் தரவேண்டும்? அராலி, தப்பு என்னுது. நம்ம பேச்சு இனிமே நம்மோட. திரும்பப் பேசுங்க.

அமைதி, அமைதி! ஏதோ சொல்கிறார்...

"அமோட்டி! பேசுனது போதும், இறங்கி வா. களி ஆறுது."

கேட்டீர்களா? முதல் சொல்லைக் கேட்டீர்களா? இருபத்திரண்டு நாளாயிற்று! ஏய் தம்பி, அந்தப் பேனாவை மூடு. இந்த வரியை யாரும் எழுதக்கூடாது, இது என்னுடையது!

பொறுத்தருளிய தலைவருக்கும், புத்தி சொன்ன சந்தைக்கும், என் பிழையை ரசித்த உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லி விடைபெறுகிறேன். களி ஆறுகிறதாம். என் காலும் சில்லென்றுதான் இருக்கிறது. வருகிறேன், வணக்கம்!