ஹைதரின் ஒரிஜினல் லோரி

— சும்மா குடுக்கிற சாமானை நம்பி என் மகளுக்கு எப்படிச் சோறு போடுவீங்க, தம்பி ஆஷிக்? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் பொம்பளைங்க பேசிக்கட்டும்.

— விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுற அந்த லினக்ஸ்தான் சும்மா, அங்கிள். அதைப் பார்த்துக்கிற எனக்குக் கம்பெனி மாசா மாசம் சம்பளம் குடுக்குது.

— சும்மா வந்த சாமானைப் பார்த்துக்கச் சம்பளத்துக்கு ஆளா? அப்போ அது அடிக்கடி படுத்துக்கும்னு அர்த்தம்.

— அத்தா, பொண்ணு கேட்டு வந்தவங்களை முதல்ல தே குடிக்க விடுங்க லா.

— குடிக்கட்டும் அஃப்ரின், நான் என்ன கிளாஸையா பிடுங்கினேன்? தம்பி, மஸ்ஜித் இந்தியாவுல போய் துணிக்கடை ஹைதர்னு கேட்டுப் பாருங்க. கண்ணை மூடிக்கிட்டுத் துணியோட ஓரத்தை ரெண்டு விரல்ல பிடிப்பேன். பட்டா, பாலியஸ்டரானு சொல்லிடுவேன். லேபிளைப் பார்க்கிறவன் வியாபாரியே இல்ல. விரல் பேசணும்.

— அஃப்ரின் சொல்லியிருக்கா, அங்கிள்.

— அந்த விரல்தான் இப்போ இந்த ஸ்டியரிங்கைப் பிடிக்குது. கம்ப்யூட்டர் மேசையில மாட்டியிருக்கே, பார்த்தீங்களா? கடையை மகன்கிட்ட விட்ட பிறகு எனக்கு இந்த லோரி கேமுதான். ஞாயித்துக்கிழமை ஆனா பள்ளிவாசல் கூட்டாளிங்க எல்லாம் வரிசையா லோரி ஓட்டிக்கிட்டுப் போவோம். நான்தான் முன்னாடி.

— ஆமா அத்தா, ஜெர்மனிக்கு. பனியில, வெங்காயம் ஏத்திக்கிட்டு. கிள்ளான்ல மாமி வீட்டு விருந்துன்னா மட்டும் ரோடு ஜாம், கால் வலி.

— கிள்ளான் ரோடு வேற, ஜெர்மனி ரோடு வேற மா. தம்பி, இது விண்டோஸுக்குன்னே செஞ்ச கேமு. உங்க லினக்ஸ்ல போட்டா ஓடுமா?

— ஓடும் அங்கிள். நடுவுல மொழிபெயர்க்கிற ஆளு மாதிரி ஒண்ணு உட்கார்ந்துக்கும். கேமு விண்டோஸ் பாஷையில கேட்கும், அது லினக்ஸ்கிட்ட வாங்கிக் குடுக்கும். சில கேமு விண்டோஸைவிட இதுல நல்லாவே ஓடும்.

— தரகர் வெச்ச வியாபாரம். தரகர் வந்தாலே சரக்கு லேட்டு. சரி, எல்லா கேமும் ஓடுமா?

— எல்லாம்னு சொல்ல முடியாது. ஆன்லைன்ல சுடுற சில கேமுல கள்ளாட்டம் பிடிக்கிறதுக்கு ஒரு காவல்காரன் இருப்பான். அவன் லினக்ஸைப் பார்த்தா உள்ளயே விட மாட்டான்.

— பாருங்க. காவல்காரனுக்கே தெரியுது, கள்ளன் யாருன்னு.

— மறைக்காம சொன்னவங்களுக்கு இதுவா அத்தா பதில்?

— உண்மையைத்தானே சொன்னேன். எங்க கூட்டாளி சனாவுல்லா இப்படித்தான் பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டு வெச்சிருந்தான். ஒரு நாள் நான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு அத்தனை பேரு முன்னாடி, 'தூக்கிப் போடுடா அந்தப் பாசார் மாலம் ராத்திரிச் சந்தைச் சரக்கை'ன்னேன். பாவம், புதுசு வாங்கிட்டான். ஒரிஜினல் விண்டோஸ். செலவைப் பார்த்த பெண்சாதி இன்னமும் அவன்கூடப் பேசுறது இல்ல.

— நல்லா ஓடிக்கிட்டு இருந்ததையா அங்கிள் தூக்கிப் போட்டாங்க?

— ஓடுறது வேற தம்பி, ஒரிஜினல் வேற. இந்தா, நம்மதும் பழசுதான். புது விண்டோஸ் ஏறாதுன்னு சொல்லிட்டுப் படுத்துடுச்சு. அஃப்ரின்தான் எங்கேயோ கடையில குடுத்துச் சரி பண்ணி எடுத்துட்டு வந்தா. அன்னையிலருந்து பட்டு. முந்தி பெர்லின் வந்தா திக்கித் திணறும். இப்போ வழுக்கிக்கிட்டுப் போகுது. ஹைதர் கம்ப்யூட்டர் மாதிரி அம்பாங்லயே கிடையாதுன்னு பேரு வாங்கிடுச்சு.

— அந்தக் கடைக்காரரு... நல்லா செஞ்சிருக்காரு, அங்கிள்.

— நீ ஏன் மா இருமுற?

— தேயில இஞ்சி ஜாஸ்தி, அத்தா.

— சரி, வாய்ப்பேச்சு எதுக்கு? தம்பி, உங்க லேப்டாப்பு மூடியில பெங்குயின் ஸ்டிக்கர் தெரியுது. லினக்ஸ்காரங்க அடையாளம்தானே அது? அதுல இந்த லோரி கேமு இருக்கா?

— இருக்கு. உங்களுக்குப் பிடிக்கும்னு நானும் ஓட்டிப் பழகினேன். ஆனா அங்கிள், அந்த லேப்டாப்பு வந்து—

— எடுங்க. ஸ்டியரிங் வயரை அதுல மாட்டுங்க. ரெண்டுலயும் ஓட்டிப் பார்க்கிறேன். உங்கது என் கையில நின்னுச்சுன்னா கல்யாணப் பேச்சு. நிக்கலையா, தேயைக் குடிச்சிட்டுச் சலாம் சொல்லிக் கிளம்பிடலாம். மனசுல ஒண்ணும் வெச்சுக்கக் கூடாது.

— என் கல்யாணத்தை லோரியிலயா அத்தா முடிவு பண்றீங்க?

— மாப்பிள்ளையை எதுலயாவது சோதிக்கணும் மா. எனக்குத் தெரிஞ்ச துறை இது. ம், கிளம்பிட்டேன். என்ன தம்பி, வளைவுல இப்படி இழுக்குது? திக்குது பாருங்க. மரம் வந்து நிக்குது, இலை பின்னாடிதான் வருது. தாஹான் பண்ணாது இது, ஒரு வளைவு கூடத் தாங்காது.

— அங்கிள், நான் சொல்ல வந்தது என்னன்னா—

— பொறுங்க. விரலைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். 'ஹைதரே, பாலியஸ்டர்'ங்குது விரல். லினக்ஸ்னா இதான். இனி வயரை நம்மதுல மாத்துங்க. ஆங். சுப்ஹானல்லாஹ். கண்ணாடியில மழைத்துளி இறங்குறதைப் பாருங்க. இதுக்குப் பேருதான் விண்டோஸ். தம்பி, உங்க தொழிலை நான் குறை சொல்லல. ஆனா பட்டைக் கொண்டுபோய்ப் பாலியஸ்டரோட வெச்சுத் தைக்க முடியாது.

— சரி, அங்கிள். நான் கிளம்புறேன்.

— ஆஷிக், உட்காருங்க.

— வேணாம் அஃப்ரின், விடு.

— நீங்க வாயைத் திறக்காம போயிட்டா நான் ஆயுசுக்கும் இங்க உட்கார்ந்து ஜெர்மனிக்கு வெங்காயம் ஏத்தணும். அத்தா, அது ஆபீஸ்ல குடுத்த லேப்டாப்பு. அதுல இருக்கிறது விண்டோஸ்.

— அப்போ ஸ்டிக்கரு?

— அது வெறும் லேபிள், அத்தா.

— ...அப்போ என்னுது?

— நான் எந்தக் கடைக்கும் போகல. ஆஷிக்தான் அதுல லினக்ஸ் போட்டுக் குடுத்தாங்க. நீங்க பதறக் கூடாதுன்னு படம், பட்டன் எல்லாத்தையும் பழைய இடத்துலயே வெச்சது நான். லோரிப் படத்தைத் தவிர நீங்க வேற எதையும் அமுக்கினது கிடையாதே.

— பெர்லின்ல வழுக்கிக்கிட்டுப் போறது...

— லினக்ஸ், அத்தா.

— அங்கிள், ஒரு வார்த்தை. ஆபீஸ் லேப்டாப்புக்குப் படம் வரையிற சக்தி கம்மி. அதனாலதான் திக்குச்சு, விண்டோஸ் மேல தப்பு இல்ல. எது நல்லா ஓடுதுன்னு உங்க விரல் சரியாத்தான் சொல்லுச்சு. பேருதான் மாறிப்போச்சு.

— இதை ஏன் தம்பி முதல்லயே சொல்லல?

— ரெண்டு தடவை ஆரம்பிச்சேன், நீங்க லோரியில இருந்தீங்க. அப்புறம் யோசிச்சேன், உங்களை உங்க வீட்டுலயே தோற்கடிச்சிட்டு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பொண்ணு கேட்கிறது?

— அஃப்ரின், கதவைச் சாத்து. ஜன்னலையும். சனாவுல்லா வீட்டுக்கு நேரா இருக்கு. இது யார் யாருக்குத் தெரியும்?

— நம்ம மூணு பேருக்குத்தான் அத்தா. ஆனா சனாவுல்லா மாமாவோட புதுக் கம்ப்யூட்டர் பெர்லின்ல திக்குதாம். 'உங்கத்தாவுக்குச் சரி பண்ணிக் குடுத்தது யாரு, அவரை என் வீட்டுக்கு அனுப்பு'ன்னு தினமும் மெசேஜ் வருது.

— பதில் போட்டியா?

— இன்னும் இல்ல.

— போடாத. தம்பி, பையைக் கீழ வைங்க, தே ஆறிடுச்சு, வேற போடச் சொல்றேன். வெளியாளு வாயை நம்ப முடியாது, வீட்டாளு வாயைத்தான் கட்ட முடியும். வர்ற வெள்ளிக்கிழமையே நிக்காஹ் வெச்சுக்கலாமா?