மூன்றாவது சிவப்பு அட்டை: எங்கள் ஆய்வாளர் அக்காவுக்கு

முப்பத்தொரு ஆண்டுகள், ஊர் தூக்கியெறிந்ததை முகம் சுளிக்காமல் பார்த்தவரே! மழையோ வெயிலோ, வண்டிக்கு முன்னே நடந்து, தொட்டியின் மூடிக்கடியில் நான்கு விரலை நுழைத்து, விரல் நுழைந்தால் தொட்டி அளவுக்கு மேல் நிரம்பியதென்று சிவப்பு அட்டை, நுழையாவிட்டால் அடுத்த வீடு என்று தெருத்தெருவாகத் தீர்ப்பெழுதியவரே! குப்பை சேகரிப்புப் பிரிவின் ஆய்வாளர் அக்கா அவர்களே, வணக்கம்.

பணி ஓய்வுப் பாராட்டு மடலில் கொஞ்சம் பொய் கலப்பது வழக்கம். உங்களுக்கு எழுதும்போது அந்தத் துணிவு வரவில்லை. கலந்தால் பிரித்துப் போடச் சொல்வீர்கள்.

நீலத் தொட்டியில் தாள், மஞ்சளில் பிளாஸ்டிக், மிச்சமெல்லாம் கறுப்பில். கறுப்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சொல்ல எளிது. ஆனால் பால் அட்டைப்பெட்டி வெளியே தாள், உள்ளே பிளாஸ்டிக். பாட்டில் மூடியை ஒரு வருடம் கழற்றச் சொன்னோம், மறு வருடம் மாட்டச் சொன்னோம். அந்தக் கோபமெல்லாம் உங்கள் மேசைத் தொலைபேசியில்தான் வந்து இறங்கியது.

"போன வருஷம் கழட்டுன்னீங்க, இந்த வருஷம் மாட்டுங்கிறீங்க. அடுத்த வருஷம் எங்களையே தொட்டியில போடச் சொல்வீங்களா?" என்று ஒருவர் கத்தினார்.

"அதுக்கு இன்னும் சுற்றறிக்கை வரலைங்க. வந்தா எந்தக் கலர் தொட்டின்னு சொல்றேன்" என்றீர்கள்.

நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, சொன்னது சரிதானா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினீர்கள். சந்தேகம் வந்தால் அவரையே திரும்ப அழைத்தீர்கள். உங்களிடம் கண்டிப்பு என்று நாங்கள் கண்டது உள்ளுக்குள் பயம் என்று புரிய எங்களுக்கு வெகுகாலம் ஆயிற்று. ஒரு வீட்டுக்குக்கூடத் தவறாக அட்டை ஒட்டிவிடக்கூடாதே என்ற பயம் அது. மூன்று அட்டை சேர்ந்தால் ஆறு வாரத்துக்குக் கறுப்புத் தொட்டியை எடுத்துவிடுகிறோம். ஆறு வாரம் ஒரு குடும்பம் தன் குப்பையோடு என்ன செய்யும் என்பதை நீங்கள் ஒருவரே முழுதாக நினைத்துப் பார்த்திருக்கிறீர்கள்.

பட்டியல் போதும். நடந்த ஒன்றைச் சொல்கிறோம், சம்பந்தப்பட்டவரே பிறகு எங்களிடம் சொன்னது.

நம் இரண்டாம் வண்டி ஓட்டுநரின் வீடு அவர் வண்டி ஓட்டும் தெருவிலேயே இருக்கிறது. சென்ற ஆண்டு அவர் அப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு நாளைக்கு ஐந்து டயப்பர். இரண்டு வாரத்துக்கு எழுபது. எப்படி அமுக்கினாலும் மூடி வாய் பிளந்தது. இரண்டு அட்டை விழுந்தாயிற்று. நோயாளி இருக்கும் வீட்டுக்கு இரண்டாவது தொட்டி உண்டு என்பது நம் எல்லோரையும்போல அவருக்கும் தெரியும். ஆனால் படிவம் நம் அலுவலகத்தில் ஐந்து மேசை ஏறி இறங்க வேண்டும். அப்பா அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "என் நெலம உன் ஆபீசுக்குத் தெரிய வேணாம்டா."

திங்கட்கிழமை வந்தாலே அவருக்குச் சோறு இறங்காது. செவ்வாய் காலை தன் வண்டியே தன் வாசலில் வந்து நிற்கும் என்ற நினைப்பு. மனைவி தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தே பார்த்தார். "நான் இறங்கினா மூடியும் எழுந்திரிக்குதுங்க. வண்டி வர்ற வரைக்கும் இப்படியே உட்காந்திருக்கவா?" என்றார். இருவரும் சிரித்தார்கள், அப்பாவுக்குக் கேட்டுவிடுமோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய், வேலைக்குக் கிளம்பும்போது, இரண்டு பைகளை எடுத்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் தொட்டியில் வைத்தார். ஒரு தடவைதான் என்று நினைத்தார். மூடி எழும்பி நின்றது. நான்கு விரல் நுழைந்தது. நீங்கள் அட்டை ஒட்டினீர்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அதைப் பார்த்த அவர் வண்டியை அடுத்த வீட்டுக்கு நகர்த்தினார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வைத்தார்.

இதற்குள் தையல்காரம்மா உங்களை அழைத்திருந்தார். "ஒண்டிக்கட்டைம்மா நான். ரெண்டு வாரத்துக்கு ஒரு பை தேறாது. என் தொட்டி எப்படி ரொம்பும்? எனக்கே என் மேல சந்தேகம் வருது. வயசாயிடுச்சோ, வச்சதை மறந்துட்டேனோன்னு ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன்."

அந்த இரண்டாவது செவ்வாய் நீங்கள் மூடியைத் திறந்து மேல் பையைத் தூக்கினீர்கள்; உள்ளே டயப்பர்கள் தெரிந்தன. பையின் இரண்டு காதுகளும் இரண்டு முறை உள்ளே மடித்து முடியப்பட்டிருந்தன. வண்டியில் குப்பையை நசுக்கும் அழுத்தியில் பை வெடித்து முகத்தில் தெறிக்காமலிருக்க நம் ஆட்கள் போடும் முடிச்சு அது. ஊரில் வேறு எவருக்கும் அது தெரியாது. எங்கே ஒளித்தாலும் கை தன் பழக்கத்தை விடவில்லை. நீங்கள் திரும்பி வண்டியைப் பார்த்தீர்கள். அவர் கண்ணாடியைத் துடைப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் பிற்பகல் நீங்கள் அவர் வீட்டுக்குப் போனீர்கள். வேலை போயிற்று என்றே அவர் முடிவு செய்தார். நீங்கள் அவரைத் தாண்டி உள்ளே நடந்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிவத்தை அப்பாவின் மடியில் வைத்தீர்கள்.

"நோயாளிதான் கையெழுத்துப் போடணும் ஐயா. உங்க மகன் போட முடியாது."

அப்பா படிவத்தை எடுத்துப் புரட்டினார். "எத்தனை பேர் இதைப் பார்ப்பாங்க?"

"அஞ்சு பேர். நாலு பேர் படிக்காமலே கையெழுத்துப் போடுவாங்க."

"அஞ்சாவது?"

"நான்தான். எனக்கு ஏற்கெனவே தெரியும்."

அந்த நான்கு பேரும் இன்று இந்த அரங்கில் இருக்கிறோம். நாங்கள் படிக்கவில்லை என்பது உண்மை.

அப்பா கையெழுத்திட்டார். வாசலில் ஓட்டுநர் உங்கள் கையைப் பிடிக்க வந்தார். நீங்கள் மூன்றாவது அட்டையை நீட்டினீர்கள். "இது உங்க தொட்டிக்கு. கிழிக்க மாட்டேன். படிவம் பதிவாயிட்டா தொட்டியை எடுக்க முடியாது, அது வேற. அந்தம்மாவுக்கு நான் ஒட்டினது என் தப்பு, அதை நான் எழுதிக்கிறேன். வச்சது யாருன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க."

அன்று மாலையே போய்ச் சொன்னார். தையல்காரம்மா திட்டவில்லை. "அப்ப எனக்கு மறதி இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். திட்டியிருந்தால் தேவலை என்றார் ஓட்டுநர். நம் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தில் 'என் தவறு' என்ற சொல் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தப்பைச் செய்தவர் பெயரை நீங்கள் எங்கும் எழுதவில்லை.

அக்கா, உங்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. வண்டியின் முன்னால் கேமரா வைக்கிறார்கள். மூடி எத்தனை அங்குலம் எழும்பியது என்று அது பிசகாமல் அளக்கும். தவறாக அளந்துவிட்டோமோ என்று பயப்படாது. அந்தப் பயம் இனி எங்கள் பங்கு. இத்தனை வருடம் எங்கள் எல்லோருக்குமாக நீங்கள் ஒருவரே பயந்துகொண்டிருந்தீர்கள்.

இனியாவது உங்களுக்கு நிம்மதியான உறக்கம் வாய்க்கட்டும். கால் நோகாத நடையும், கலங்காத கண்ணும், பேசி முடித்த பிறகு புத்தகம் புரட்டத் தேவையில்லாத நீண்ட நாட்களும் உங்களுக்குக் கிடைக்கட்டும். உங்களுக்கு நூறு வயதானாலும் நாங்கள் சந்தேகம் கேட்டு அழைப்போம். தயவுசெய்து எடுங்கள்.

இந்த மடலை வாசிக்கப் பிரிவுத் தலைவரைத்தான் கேட்டிருந்தோம். நேற்று இரண்டாம் வண்டி ஓட்டுநர் வந்து, இதை எல்லோர் முன்னும் சொல்ல அப்பாவின் சம்மதம் வாங்கிவிட்டதாகவும், தானே வாசிப்பதாகவும் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். இவ்வளவு நேரம் உங்கள் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

என்றும் உங்கள் அன்பில்,
குப்பை சேகரிப்புப் பிரிவின் அலுவலர்கள், ஓட்டுநர்கள், பணியாளர்கள்