தண்ணீரைத் திறந்த இரவு

டார்ச்சை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பயந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம்... பக்கத்தில் இருப்பது யார் என்று பார்த்துவிட்டு.

என் நண்பனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது இது.

நடுநிசி தாண்டியிருந்தது. அணையிலிருந்து பவர்ஹவுசுக்கு இறங்கும் சாலை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஆறு. சித்தப்பா மழையில் தனியாக இறங்கினார். அங்கே அவர் ஆபரேட்டர். புயலில் சுற்றுவட்டாரம் முழுக்கக் கரண்ட் போயிருந்தது. மற்ற மின்நிலையங்கள் ஓடத் தொடங்கவே வெளியிலிருந்து கரண்ட் வேண்டும். இந்தப் பழைய அணைக்கு வேண்டாம். தண்ணீரைத் திறந்தால் டர்பைன் சுற்றும். இது ஓடினால்தான் மற்றதெல்லாம் ஓடும்.

உள்ளே கிரீஸ் வாடை. ஈரச் சிமெண்ட் வாடை.

பகலில் டர்பைனுக்குள் இறங்கி வேலை பார்த்த ஃபிட்டர், சித்தப்பாவின் தங்கை கணவர். வேலை முடிந்ததும் டர்பைனின் இரும்புக் கதவை மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

சித்தப்பா வால்வில் கை வைத்தார்.

டங்... டங்...

டர்பைனுக்கு உள்ளேயிருந்து.

கதவைத் திறந்து டார்ச் அடித்தார். யாருமில்லை. மூடினார். மறுபடியும்... டங். கூடவே ஒரு குரல்.

"மச்சான்... தண்ணிய விட்றாதீங்க. நான் உள்ள இருக்கேன்."

சித்தப்பா சுவரில் இருந்த போனை எடுத்துத் தங்கை வீட்டுக்கு அடித்தார்.

"மாப்ள, எங்க இருக்கீங்க?"

"இந்நேரத்துல எங்க இருப்பேன்? படுக்கையிலதான். என்ன மச்சான், மழைக்கு இதமா ரெண்டு ரவுண்டு போட்டாச்சா?"

சிரிப்பு. ஒரு காதில் அந்தச் சிரிப்பு. மறு காதில், இரும்புக்குப் பின்னால், அதே குரல் அழுதது.

போனை வைத்ததும் அதன் மணி அலறியது. மேலதிகாரி.

"என்னய்யா பண்றே? ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் நின்னுபோச்சு. பாதி ஆபரேஷன்ல ஒரு ஆள் கெடக்கான்!"

சித்தப்பா மீண்டும் கதவைத் திறந்தார். தலையை உள்ளே விட்டு, "மாப்ள..." என்று கூப்பிட்டார். டார்ச் வெளிச்சத்தில் காய்ந்த இரும்பு மட்டும். கதவை இறுக்கி மூடினார். கண்ணையும் மூடிக்கொண்டு வால்வைத் திருப்பினார்.

"மச்சான்!"

ஒரே ஒரு தடவை. அப்புறம் தண்ணீரின் இரைச்சல்.

டர்பைன் சுற்றியது. ஒவ்வோர் ஊராக விளக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலும் வந்தது... அந்த ஆள் பிழைத்துக்கொண்டான். அதிகாரி போனில், "சபாஷ்" என்றார். சித்தப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போன் மறுபடி அடித்தது. தங்கை.

"அண்ணே... லைட்டு வந்துச்சு. இவரு எந்திரிக்க மாட்டேங்கிறாரு."

சித்தப்பா ஓடினார். அவருக்கு முன்பே டாக்டர் வந்திருந்தார். காய்ந்த படுக்கை. காய்ந்த தலையணை. டாக்டர் ஃபிட்டரைப் புரட்டி முதுகை அழுத்தினார். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது... நிற்காமல் கொட்டியது.

உடம்பில் இன்னும் சூடு இருந்தது. தண்ணீர் மட்டும் ஐஸாக இருந்தது.