செக்கர் பேனா

மணி ராத்திரி ரெண்டே கால். பட்டறைக்குப் போகிற ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை... எங்கள் வெல்டரின் மச்சான் தன்னந்தனியாக சைக்கிள் மிதித்துப் போனார். அவருக்கு நடந்ததுதான் இது. கிட்ட வந்து உட்காருங்கள்.

அந்தப் பட்டறையில் பஸ் ஸ்பிரிங் பட்டைகள் மேல் கடுகளவு இரும்புக் குண்டுகளை மழை மாதிரி அடிப்பார்கள். மேல்தோல் முழுக்கக் குழி விழுந்து இறுகிப்போகும். அப்படி இறுகினால்தான் எத்தனை லட்சம் தடவை வளைந்தாலும் விரிசல் விடாது. குழிகளுக்கு நடுவே வழவழப்பாகக் கொஞ்சம் இடம் விட்டாலும் போச்சு... அங்கேதான் உடையும்.

அன்றைக்குப் பாதி நேரம்தான் அடித்திருந்தார்கள். விடிந்தால் லாரி வந்துவிடும். சோதித்துக் கையெழுத்துப் போடுகிற செக்கர் செத்து ஒரு மாதம். அந்த வேலை இப்போது மச்சானுக்கு; அதனால்தான் அந்நேரத்தில் கூப்பிட்டிருந்தார்கள். இருந்தவரை அந்தச் செக்கர் லென்ஸைத் தொட்டதில்லை. கிராம்பை மென்றபடியே கையெழுத்தைப் போட்டுத் தள்ளுவார். மச்சான் லென்ஸ் வைத்துப் பார்த்தார். எங்கும் வழவழப்பு. முதலாளிக்குப் போன் போட்டார்.

"முதலாளி, இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேலை வேணுமா, வேணாமா?"

"பஸ்ஸுல போறவனுக்கு உசுரு வேணும்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "நீ போடலைன்னா... போட ஆள் இருக்குய்யா."

போன் நின்றது. அறையெல்லாம் கிராம்பு வாசம்... மேஜைமேல் கிடந்த செக்கரின் பேனா தானாக எழுந்து நின்றது. டிக்... டிக்... என்று முனையை ஊன்றி, கையெழுத்து நோட்டை நோக்கி நடந்தது.

மச்சான் வாசலைப் பார்த்தார். ஆனாலும் ஓடவில்லை. கையெழுத்துப் போடுகிற கட்டத்தின் மேல் இடது கையை விரித்து அழுத்தினார்.

"செத்தும் திருந்தலியா நீ? உன்னை அண்ணேன்னு கூப்பிட்ட வாயைக் கழுவணும்! குத்து... எவ்வளவு முடியுமோ குத்து!"

குத்தியது. டிக்... டிக்... டிக்... விடிகிறவரை. அவர் கையை எடுக்கவில்லை.

வெளிச்சம் வந்ததும் பேனா சாய்ந்தது. முதலாளி வந்து நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். கட்டம் வெள்ளையாகவே இருந்தது. அதை வாங்கி, 'அனுப்பக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதினார் மச்சான். லாரி காலியாகத் திரும்பியது. அவர் வேலையும் அன்றோடு சரி.

கையில் ரத்தமில்லை, வலியில்லை. புறங்கை முழுக்கக் குழி... மயிரிழை இடம் விடாமல்.

இப்போது அவருக்கு எழுபது வயது. வலது கைத் தோல் சுருங்கித் தொங்குகிறது. இடது கையில் மட்டும்... இன்றுவரை ஒரு கோடு விழவில்லை.