கிரேடு அக்கா காத்திருந்த முடிவு

மேடையில் இருக்கும் உலோக வேலை செய்வோர் சங்கத் தலைவர் அவர்களே, பரிசோதனைக் கூடத்தின் தலைமை ஆய்வாளர் அவர்களே, முன்வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கும் எங்கள் அண்ணன் அவர்களே, அவர் பக்கத்தில் இருக்கும் மகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் வெல்டர்களே, பாத்திரக் கடைக்காரர்களே, நீச்சல் பழகும் பிள்ளைகளின் பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் செய்திக்காரன். முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் நீச்சல் குளத்தின் கூரையிலிருந்து கழற்றி ஆய்வுக்கு அனுப்பப்பட்ட நாற்பது கம்பிகளில் பதினொன்றில் விரிசல் இருப்பது இன்று காலை உறுதியாகியிருக்கிறது. இதை எனக்குச் சொன்னவர் இதோ என் வலப்பக்கம் இருக்கும் தலைமை ஆய்வாளர். பெயர் வெளியிட விரும்பாத வட்டாரம் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. "நான் சொன்னதாவே சொல்லுங்க. மேடையிலயே சொல்லுங்க" என்று அவரே சொல்லிவிட்டார்.

இந்தச் செய்தி நம் எல்லோருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. யாருக்கு முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமோ அவருக்கு மட்டும் சேரவில்லை. பரிசோதனைக் கூடத்தின் முன்னாள் தலைமை ஆய்வாளர், உலோகப் பொறியாளர், நம் கிரேடு அக்கா, போன வெள்ளிக்கிழமை மதியம் கண்ணை மூடிவிட்டார்.

கிரேடு அக்கா! அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். ஆளுக்கொருவர் தான்தான் வைத்தேன் என்கிறார்கள். காரணம் மட்டும் எல்லோரும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "எந்த கிரேடு?" என்று அதன் ரக எண்ணைக் கேட்பார். கல்யாண வீட்டில் கேட்பார். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்பார். அக்காவின் கணவர், எங்கள் அண்ணன், ஒருமுறை கேலியாக, "என்னை எந்த கிரேடுல சேர்த்திருக்க?" என்று கேட்டாராம். அக்கா யோசிக்கவே இல்லை. "உங்களுக்கு நானூத்தி முப்பது. பாக்கப் பளபளன்னு இருப்பீங்க. காந்தம் மாதிரி யார் கூப்பிட்டாலும் போய் ஒட்டிக்குவீங்க. ஆனா ஈரம் மட்டும் தாங்கவே மாட்டீங்க" என்றாராம். அண்ணன் சினிமா பார்த்தாலே அழுகிறவர். இன்று அவரைப் பார்க்க என்னால் முடியவில்லை.

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தது பரிசோதனைக் கூடத்தின் முன்கூடத்தில். போலிப் பாத்திரங்கள் விற்கப்படுகின்றன என்று ஒரு புகார் வந்திருந்தது. எழுதுவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று போனேன். எனக்கு முன்னாலேயே ஒரு கேன்டீன்கார அம்மா ஒரு சாக்கு நிறையப் பாத்திரங்களோடு வந்து நின்றார். கையில் ஒரு காந்தம்.

"பாருங்க மேடம், கத்தில ஒட்டுது, தட்டுல ஒட்டுது. எல்லாம் இரும்பு! அந்தக் கடைக்காரன் என் தலையில மொளகா அரைச்சுட்டான்!"

அக்கா கத்தியை வாங்கிப் பார்த்தார். "கத்தின்னா காந்தம் ஒட்டணும்மா. சூடுபண்ணி கடினமாக்குற ரகத்துலதான் கத்தி செய்வாங்க. நானூத்தி இருபதுன்னு பேரு. ஒட்டாத ரகத்துல செஞ்சா வாழைப்பழம் நறுக்கலாம், தோலை உரிச்சுட்டு."

"அப்ப இந்தத் தட்டு?"

"அது நானூத்தி முப்பது. நிக்கல் இல்லாத எவர்சில்வர். கழுவித் தொடைச்சு வெச்சா பல வருஷம் உழைக்கும். இதைப் போய் போலின்னு சொன்னா அது மானம் போயிடும்."

கேன்டீன்கார அம்மா சிரித்துவிட்டார். ஒரு பெரிய குண்டானை எடுத்து மேசையில் வைத்தார். "நல்லவேளை, இதுல காந்தம் ஒட்டல. இது ஒண்ணாவது தேறுச்சே!"

அக்கா முகம் அப்போதுதான் மாறியது. குண்டானின் அடியில் விரலை ஓட்டினார். ஒரு சொட்டு மருந்தை விட்டார். சொட்டு சிவந்தது. "இதுதாம்மா எனக்குப் பிடிக்கல. எரநூத்தி ரெண்டு. நிக்கலைக் கொறைச்சு மாங்கனீஸ் போட்டது. காந்தம் ஒட்டாது, அதனால எல்லாரும் ஏமாறுவாங்க. நீங்க இதுல உப்பும் புளிப்புமா ஊறவெக்கறீங்க, அடியில ஊசி குத்தின மாதிரி குழி விழுந்திருக்கு பாருங்க. அந்த வேலைக்கு முன்னூத்தி நாலு வேணும். இதுல அரிசி கொட்டி வைங்க, ஒண்ணும் ஆகாது."

குண்டானைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? கடைக்காரரைத் திருடன் என்றும் சொல்லவில்லை. மட்டமான ஸ்டீல் என்று அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. தப்பான இடத்தில் மாட்டப்பட்ட ஸ்டீல் என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லை அவர் தனக்கு எதிராகவே சொல்ல வேண்டிய நாள் வந்தது. அதற்காகத்தான் இன்று அவரைப் பற்றிப் பேச வந்தேன்.

நம் நீச்சல் குளத்துக்குக் கூரை போட்டபோது, ஃபால்ஸ் சீலிங்கைத் தாங்க மரை போட்ட கம்பிகள் தேவைப்பட்டன. ஒப்பந்ததாரர் 304 போதும் என்றார். அக்கா விடவில்லை. "குளோரின் இருக்கிற எடம். மாலிப்டினம் கலந்த முன்னூத்தி பதினாறுதான் போடணும்" என்று சண்டை போட்டு வாங்கினார். கடலோரத்தில் நிற்கும், உப்புக்கு அசையாது, மருத்துவமனைக் கருவிகளுக்குப் போகும் ரகம் அது. எல்லோரும் பாராட்டினோம். ஒப்புதலில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் படிப்பதை விடவில்லை. வேறு நாடுகளில் உள்ளரங்க நீச்சல் குளங்களின் கூரைகள் ஏன் விழுந்தன என்று ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"தம்பி, நான் தப்பான எடத்துல மாட்டிட்டேன்."

விளக்கம் கேட்டேன். நிதானமாகச் சொன்னார். நான் புரிந்துகொண்ட அளவில் உங்களுக்கும் சொல்கிறேன். குளத்தில் இறங்கும் ஏணியும் அதே 316தான். அதற்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர் கழுவிக்கொண்டே இருக்கிறது, பணியாளர் துடைக்கிறார். கூரைக்கு மேலே நிலைமை வேறு. வெதுவெதுப்பான ஈரக்காற்று குளோரினைச் சுமந்துகொண்டு மேலே போகிறது. கம்பியில் படிகிறது, காய்கிறது, மறுபடி படிகிறது. அங்கே துணியோடு போகிறவர் யாரும் இல்லை. கம்பியோ இரவும் பகலும் பாரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இழுவையும் அந்தப் படிவும் சேர்ந்தால் உள்ளே மயிரிழை போல விரிசல் ஓடும். துரு பெரிதாகத் தெரியாது. வளையாது. ஒருநாள் படக்கென்று முறியும். அந்த இடத்துக்கு 316 போதாது, மாலிப்டினம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் தனி ரகங்கள்தான் தாங்கும்.

குளத்தின் மேலாளரிடம் போனார். அவரும் இங்கே வந்திருக்கிறார். நடந்ததை மறைக்க வேண்டாம் என்று என்னிடம் சொன்னார்.

"அம்மா, முன்னூத்தி நாலு வேணாம்னு சண்டை போட்டவங்களே நீங்கதான். இப்ப முன்னூத்தி பதினாறும் வேணாமா? தங்கத்துலதான் தொங்கவிடணுமா?"

"தங்கம் வேணாம் சார். அது பாரம் தாங்காது, நீண்டுடும்."

சிரிக்கிறீர்கள். அன்று அவரும் சிரித்திருக்கிறார். ஆனால் குளத்தை மூடவில்லை.

வீட்டில் இதைவிடக் கடினம். மகள் அந்தக் குளத்தின் பயிற்சியாளர். போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தார். "நானே ஏணி போட்டு ஏறிப் பாத்தேன்மா. ஒரு பொட்டுத் துரு இல்ல. பளபளன்னு இருக்கு!" என்றார். "பளபளன்னு இருக்கறதுதான்டி எனக்குப் பயம்" என்றார் அம்மா. "உன் பேரைக் காப்பாத்திக்க என் வேலையில ஏன் கை வைக்கற?" என்று மகள் கேட்டார். பேரையா? எந்த அம்மா தன் கையெழுத்தே தப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போய்ப் பேரைக் காப்பாற்றுவார்? ஆனால் கோபத்தில் யாருக்குத்தான் கணக்குத் தெரியும்! இருவரும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். இதையும் மகள் சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறேன்.

அதன் பிறகு அக்கா செய்ததை நீங்கள் பலரும் நேரில் பார்த்தீர்கள். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். குளத்தின் ஓரமாக, கூரைக்கு நேர் கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உடம்பு ஏற்கெனவே கெட்டிருந்தது. மேலாளர் ஓடிவந்தார். "எதுக்கும்மா இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க?"

"இந்தப் பிள்ளைங்க தலைக்கு மேல தொங்குறது என் கையெழுத்து. விழுந்தா முதல்ல என் மேல விழட்டும்."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மேலாளர் என்னிடம் சொன்னார்: "அவங்களைப் பாத்துப் பாத்து எனக்கும் அண்ணாந்து பாக்கற பழக்கம் வந்துடுச்சு சார். பழக்கம் வந்த பிறகு தூக்கம் போயிடுச்சு." அந்த வாரமே அவர் குளத்தை மூடினார். கம்பிகள் ஆய்வுக்குப் போயின. அக்கா மருத்துவமனைக்குப் போனார்.

படுக்கையில் இருந்தவர் வலியைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. "ரிசல்ட் வந்துடுச்சா தம்பி?" என்றுதான் கேட்பார். ஒருமுறை சொன்னார்: "நான் சொன்னது தப்பா இருக்கணும்னுதான் வேண்டிக்கறேன். எல்லாக் கம்பியும் நல்லா இருக்கணும். என்னைக் கிறுக்கச்சின்னு எல்லாரும் சிரிக்கணும்." சொல்லுங்கள், தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு போராடியவரை நீங்கள் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

மகள் அம்மாவோடுதான் இருந்தார். கோபம் எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. வியாழக்கிழமை வராந்தாவில் என்னை நிறுத்தினார். "அங்கிள், வந்துடுச்சுன்னு சொல்லிடட்டுமா? நிம்மதியா இருப்பாங்கல்ல?" அவரே உள்ளே போய், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வந்துடுச்சும்மா. நீ சொன்னதுதான் சரி."

அக்கா கண்ணைத் திறந்தார். "எத்தனை கம்பி? விரிசல் எங்க ஆரம்பிச்சிருக்கு?"

மகள் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா மகளின் கையைத் தட்டிக்கொடுத்தார். "இன்னும் வரல. பரவால்லடி. வந்த பிறகு சொல்லு."

மறுநாள் மதியம் அவர் இல்லை.

அக்கா, பதினொரு கம்பி. மரையின் பள்ளத்தில், நட்டுக்குச் சற்று மேலே ஆரம்பித்திருக்கிறது. ஒன்று ஆய்வாளர் கையில் எடுக்கும்போதே இரண்டாகிவிட்டது. நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. அதைக் கேட்க நீங்கள் எங்கே அக்கா?

மன்னிக்கவும். ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

சங்கத் தலைவர் தன் பேச்சில் ஓர் உறுதி தருவார். தலைக்கு மேலே தொங்கும் எந்தக் கம்பியையும், அது எந்த இடத்தில் தொங்கப் போகிறது என்று கேட்காமல் இந்தச் சங்கத்தார் இனி மாட்டுவதில்லை. தலைமை ஆய்வாளரும் ஓர் உறுதி தந்திருக்கிறார். இந்த வட்டாரத்தில் கூரை போட்ட குளம் வைத்திருக்கும் யார் கம்பியை அனுப்பினாலும் கூடம் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு அதை முதலில் பார்க்கும். என் பங்குக்கு, முடிவு எதுவானாலும் அன்றன்றே எழுதுவேன்.

இனி, தெரியாதது. அக்கா ஒப்புதல் தந்த இன்னொரு கூரையும் உண்டு. அதே கம்பி, அதே வண்டியில் வந்த பெட்டிகள். அவர் படுத்திருந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், நடக்க முடியாதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வெந்நீர்க் குளம் அது. லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம், "குளோரின் வாசனை தூக்கலா வருது பாரு. காத்தோட்டம் சரியில்லன்னு அர்த்தம். போய்ச் சொல்லு" என்பார். மகள் போய்ச் சொன்னார். நானும் சொன்னேன். இன்று பிற்பகல் நிர்வாக அதிகாரியிடம் காலையில் வந்த முடிவையும் சொன்னேன். "எங்க குளத்துல அப்படி எதுவும் தென்படல. எழுத்துல அறிக்கை வரட்டும். புதன்கிழமை கமிட்டில வெச்சுப் பேசுவோம்" என்றார்.

எழுத்தில் அறிக்கை நாளை மாலை தயாராகும் என்கிறார் தலைமை ஆய்வாளர். மகளும் நம் நீச்சல் குளத்தின் மேலாளரும் அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கமிட்டி கூடுவது புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு.

நாம் இப்போது எழுந்து நின்று மௌனமாக இருக்கப் போகிறோம். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், உங்கள் வேலையிடத்தில், அந்த மருத்துவமனைக் குளத்துக்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். போனை எடுங்கள். நாளைக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் கிரேடு அக்கா சொன்னார் என்று சொல்லுங்கள். நான் இங்கே வரும் வழியில் எட்டிப் பார்த்தேன். விளக்கு எரிகிறது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். புதன்கிழமை பதினோரு மணி வரைக்கும் அந்தக் குளம் திறந்துதான் இருக்கும்.