சந்தாவில் வாங்கிய முகமூடிகள்

சங்கம் என்றால் எனக்கு எப்போதும் மதிப்புத்தான், ஐயா. மன்னாரில் எங்கள் ஐஸ் தொழிற்சாலையில் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு மாதமும் தவறாமல் சந்தா கட்டியவன் இந்த அப்துல் ஹமீட். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐஸ் உறைவதற்கு மெஷின் அறையில் அமோனியா ஓடுகிறது. குழாய்கள் பழசு. கசிந்தால் கண் திறக்க முடியாது. மூச்சை இழுத்தால் நெஞ்சு வெந்துவிடும். முதலாளி முகமூடி வாங்கித் தரமாட்டார் என்பது தெரிந்ததால், சந்தாப் பணத்தில் நாங்களே வாங்குவோம் என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டேன். அது தேர்தல் காலம். தலைவர் சரவணமுத்துவுக்கு அந்தப் பணம் ஒரு வேட்பாளரின் மேடைகளுக்கு வேண்டியிருந்தது.

"ஹமீட், எங்கட ஆள் பாராளுமன்றம் போகட்டும். சட்டம் வந்தால் முதலாளியே முகமூடி தருவான்" என்றார்.

"கட்சிக்குக் குடுக்க விருப்பமெண்டால் அவரவர் தங்கட பொக்கற்றால குடுக்கட்டும். சந்தா எல்லாற்ற காசு" என்றாள் பொருளாளர் கீர்த்திகா. எனக்காகப் பேசியவள் அவள் ஒருத்திதான். வாக்கெடுப்பில் தோற்றோம்.

மூன்றாம் மாதம் குழாய் வெடித்தது. உள்ளே நின்றவன் என் மகன் நிப்ராஸ். வயது இருபத்தாறு. ஜனாஸா அடக்கத்துக்கு ஆட்கள் வரும் கீரிச் சந்தியில் சரவணமுத்து சங்கத்தின் பெயரில் அனுதாபப் பதாகை கட்டியிருந்தார். அதில் என் மகனின் படத்தைவிட வேட்பாளரின் படம் பெரிது. நான் வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன்.

வேட்பாளர் வென்றார். சட்டம் வரவில்லை. அடுத்த வருடப் பொதுக்கூட்டத்தில் சரவணமுத்து எழுந்து, "நான் பிழை விட்டிட்டன். ஹமீட் என்னை மன்னிக்கவேணும்" என்று எல்லோருக்கும் முன்னால் அழுதார். இனி எந்தக் கட்சிக்கும் சந்தா போகாது, ஆறு முகமூடிகள் வாங்குவது என்று தீர்மானமானது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றோடு என் மனம் ஆறிவிட்டது என்று நினைத்தார்கள். அன்றுதான் எனக்கு ஒரு முடிவு வந்தது. இப்போது வாங்க முடிந்ததை அப்போதும் வாங்கியிருக்கலாம் அல்லவா? அவர் பிடிவாதமாகவே இருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

முகமூடிகளை வெள்ளிக்கிழமை மதியம் மெஷின் அறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். பாதிப்பேர் ஜும்ஆ தொழுகைக்கு, மீதிப்பேர் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். சரவணமுத்துவோடு கீர்த்திகாவும் வந்தாள், முகமூடி பெற்றுக்கொண்டதற்கு என்னிடம் கையெழுத்து வாங்க. அவளை வெளியில் நிற்கச் சொல்லியிருக்கலாம். நின்றால் கதவைத் திறந்துவிடுவாள்.

"பெட்டி வெளியில இருக்கட்டும். முதல்ல புதுக்குழாயை வந்து பாருங்கோ" என்றேன். இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். அவர்கள் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க, வாசலோரம் இருந்த வால்வைத் திறந்துவிட்டு வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.

தட்டினார்கள். "ஹமீட் நானா, கதவைத் திறவுங்கோ" என்றது கீர்த்திகாவின் குரல். அண்ணன் முறை வைத்து என்னை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"கொஞ்சம் பொறுங்கோ, தங்கச்சி" என்றேன்.

சத்தம் நின்றபின் பெட்டியை உடைத்து ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினேன். நல்ல சாமான், கண்கூட எரியவில்லை. பிறகு உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு நான்தான் கோல் எடுத்தேன்.

சரவணமுத்துவைக் கொன்றது நான். கீர்த்திகாவைக் கொன்றதும் நான்தான். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் என்கிறீர்கள். தெரியும், பெயரும் தெரியும். ஆனால் அவள் என்றைக்கும் நியாயத்தின் பக்கம் நின்றவள், ஐயா. ஆறுதலாக இருந்து விளக்கிச் சொல்ல எனக்கு நேரம் கிடைத்திருந்தால், "சரிதான் நானா" என்று அவளே சொல்லியிருப்பாள்.