குடத்தில் விழாத பெயர்

வாருங்கள், சாட்சியாக நில்லுங்கள். எந்த நீதிமன்றத்திலும் பதிவாகாத வழக்கு இது. பழவேற்காட்டு ஏரியோரக் குப்பம் ஒன்றில், பட்டப்பகலில், கோயில் வாசலில், ஊரார் பார்த்திருக்க ஓர் அநீதி நடந்தது. பார்த்திருந்தவர்களில் ஒருவருக்கும் அது அநீதியாகத் தோன்றவில்லை என்பதுதான் அதன் முழுக் கொடுமை.

ஏரியில் எந்த இடத்தில் எவர் வலை விரிப்பது என்பதை அங்கே சீட்டெழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கித் தீர்ப்பார்கள். வலியவன் எளியவனை விழுங்காதிருக்க ஏற்பட்ட அந்த முறைக்குப் பாடு என்று பெயர். குடத்துக்குள் போகும் பெயர்கள் தலைக்கட்டு ஆண்களுடையவை, அதாவது குடும்பத் தலைவர்களுடையவை மட்டும். சென்ற வாரம் அந்தக் குடத்தை மீனுக்காக அல்ல, வேறொன்றுக்காக வெளியே எடுத்தார்கள்.

அந்தக் குப்பத்துப் பெண் லோகாம்பாள் பொன்னேரியில் நர்ஸ். வெளிநாட்டில் வேலைக்குப் போக ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும்; அதற்காகப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஊருக்கு ஒருவரைத் தேர்வெழுத வைத்து வேலைக்கும் அனுப்புவதாக ஓர் அறக்கட்டளை முன்வந்திருந்தது. அந்த ஒருவர் யார் என்பதைக் குடத்தில் குலுக்கித் தீர்ப்பதாக ஊர்க்கூட்டம் முடிவு செய்திருந்தது. அவளுடைய அண்ணன் ராஜேந்திரன் மீஞ்சூர்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மாலை இரயிலில் ஏறியதும் தங்கையை அழைப்பான். இருவரும் தொலைபேசியிலேயே படிப்பார்கள். அன்றும் அழைத்தான். அவள் பேசியதை மட்டும் இங்கே தருகிறோம். எதிர்முனைக் குரல் உங்களுக்குக் கேட்காது. அந்த ஊரில் இதுவரை கேட்டதெல்லாம் அந்தக் குரல்தான்.

*

ஹலோ... ஆங், சொல்லுண்ணா... கேக்குது, கேக்குது. டூட்டி முடிஞ்சி இப்பதான் கீழ வந்தேன்... துன்னுட்டேன். நீ... இன்னாண்ணா, ரயில் சத்தத்தையே காணோம். அனுப்பம்பட்டுல நிறுத்திட்டானா... லீவா. ஒடம்புக்கு இன்னா... ஒண்ணுமில்லன்னா எதுக்கு லீவு போட்ட... சரி, சரி. வூட்டுலதானே கீற, அம்மாகிட்ட அப்பால குடு. மொதல்ல வார்த்த.

நேத்து உட்ட எடத்துலேர்ந்து. ரிலக்டன்ட்... தெரியாதா. நேத்து சொன்னேனே. மனசில்லாம செய்யறது. நம்ம கண்ணப்பன் மாமா மொய் எழுதற எடத்துல பாக்கெட்டுல கைய உட்டாருன்னா வெளிய எடுக்கவே மாட்டாரு பாரு, அந்தக் கை ரிலக்டன்ட்... ஆமா, ஆமா. இப்ப மறக்காது.

அடுத்தது, இன்ஹெரிட்... அதேதான். கரெக்ட்டு. நைனா போனதும் அவரு பாடு உனக்கு வந்துச்சே, அதான் இன்ஹெரிட்... எனக்கு இன்னா வந்துச்சா. நைனா மூக்கு வந்துச்சி. சிரிக்காத. இந்த மூக்குக்கு மூக்குத்தி தேட அம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சரி, பாசேஜு. நீ கேள்வி கேளு, நான் பதில் சொல்றேன்... எந்தப் பாசேஜு, அக்தர் டீச்சர் எழுதிக் குடுத்துதா... டச்சுக்காரன் கோட்ட. சரி, கேளு... மெதுவாப் படி, எழுத்து எங்கியும் ஓடிடாது... துணி மூட்டைய கப்பல்ல ஏத்தனாங்களா. ட்ரூ. ரெண்டாவது... ஆம்பள பொம்பளன்னு ஆளுங்களயும் ஏத்தினு போயி வித்தாங்களா. அதுவும் ட்ரூ. மூணாவது... அந்தப் பொம்பளைங்க சம்மதிச்சித்தான் போனாங்களா. நாட் கிவன்... இல்லண்ணா. ஃபால்ஸ் கெடையாது. வயிறு எரியும்தான், அது வேற. அவங்கள யாராவது கேட்டாங்களா இல்லியான்னு பாசேஜுல ஒரு வரியும் இல்ல. இல்லன்னு எழுதியிருந்தா ஃபால்ஸ். பேச்சே எடுக்காம உட்டுட்டா நாட் கிவன். நம்ம ஊரு கத, நமக்குத்தான் தெரியுமேன்னு மனசுல இருக்கறத எழுதுனா மார்க்கு போயிடும்.

நாலாவது... இன்னா. பாசேஜுல இல்லியே அது... ஓ, பரிட்ச ஹாலப் பத்திக் கேக்கறியா. ஆமா, ஒரிஜினல் பாஸ்போர்ட்தான். ஜெராக்ஸ எடுத்துனு போனா உள்ளயே உடமாட்டாங்க. என்னுது அம்மா பொட்டிலதான் கீது, பத்திரமா... உன்னுதா.

உன்னுது எதுக்குண்ணா இப்ப.

...கூட்டமா. ஞாயித்துக்கெழமன்னுதானே சொன்ன... இன்னிக்கேவா. அதான் லீவா. எனக்கு ஒரு போன் அடிக்கக்கூடாதா, டூட்டி மாத்திக்கினு வந்து கோயிலுக்குப் பின்னாலயாவது நின்னுருப்பேனே... சரி, சரி, அத உடு. இன்னா ஆச்சி.

...நம்ம வூட்டுக்கா. நெஜமா... அண்ணா, வெளையாடாத... இரு. இரு, குந்திக்கறேன்.

யாரு சீட்டு எடுத்தது... லோகநாதன் பேத்தியா. அந்தக் கொயந்த கைக்கு நாளைக்கே வளையல் வாங்கியாறேன். யாரு படிச்சாங்க... திருவேங்கடம் மாமா. அவரு எம்பேரப் படிச்சிருந்தா எப்பிடியிருக்கும், லோகாம்பாளுக்கு எப்பவும் ‘லோ’வ ரெண்டு மொழத்துக்கு இழுப்பாரே... ஹலோ. லைன்ல கீறியா... கீற. அப்ப ஏன் பேசமாட்டேங்கற.

அண்ணா. சீட்டுல எம்பேருதானே இருந்துச்சி.

...

சரி. இரு. சரி. தலக்கட்டு பேரத்தான் எழுதணும்னு சொல்லிட்டாங்களா. அது ஊரு வழக்கம். நைனா எடத்துல நீதான் கீற, உம்பேர எழுதிட்ட. புரியுது. அதுக்கு ஏன் இவ்ளோ முழுங்கற. பாடு உட்டுக் குடுக்கறது உண்டுதானே நம்ம ஊர்ல. தருமலிங்கம் சித்தப்பா தோள்பட்ட எறங்கிப் போச்சின்னு மச்சானுக்கு உட்டுக் குடுக்கலியா. ஊர்த் தலைவர்கிட்ட ஒரே ஒரு வார்த்த. நீயும் சொல்லிடு, இது எந்தங்கச்சிக்குன்னு. முடிஞ்சிச்சி.

...இன்னா யோசிக்கணும்.

...ஓ.

ஓ. நீ போறியா.

...இல்ல, கத்தல. நான் எங்க கத்தனேன். மாடில பேஷண்டுங்க தூங்குதுங்க, கத்த முடியுமா இங்க... நீ பேசு. கேக்கறேன்.

...ஆச இருக்கக்கூடாதான்னா, இருக்கலாம். தாராளமா இருக்கலாம். மீஞ்சூர்ல அந்த மிஷினு சத்தத்துல நீ படற பாடு எனக்குத் தெரியாதா. எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேரு பேரையும் போடுங்கன்னு வாசல்ல கேட்டிருக்கலாமே. உனக்கே வந்திருந்தாலும் நான் அழுதிருக்கமாட்டேன். ஏரிக்கரப் பொண்ணு நானு, அடுத்தவனுக்குப் பாடு போனதப் பாத்துப் பெருமூச்சு உட்டுட்டு வூட்டுக்கு வர்றத பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினு கீறேன். குடத்துக்குள்ளயே போவாத பேரு எப்பிடிண்ணா தோக்கும்.

எனக்குக் கேள்வி கேக்கறதுக்கோசரம்தான் கத்துக்கறேன்னு சொன்ன நீ. தெனம் ரயில்ல நசுங்கிக்கினு தங்கச்சிக்கு வார்த்த கேக்கற அண்ணன் யாருக்குடி கீறான்னு ஹாஸ்டல் பொண்ணுங்ககிட்ட பீத்திக்கினு கீறேன் நானு. அதுங்க மூஞ்சில எப்பிடி முழிக்கறது.

...சரி. ஒண்ணு கேக்கறேன். கூட்டத்துல யாருமே என்னப் பத்திக் கேக்கலியா... கேட்டாங்களா. யாரு... திருவேங்கடம் மாமா. இன்னா கேட்டாரு... ‘நர்சுக்குப் படிச்ச பொண்ணு கீதே, அதுக்கில்லியா இது’ன்னு. பரவால்ல, ஒருத்தருக்காவது ஞாபகம் வந்துச்சி. அதுக்கு நீ இன்னா சொன்ன... ஒண்ணும் சொல்லல. சும்மா குந்தினிருந்த. சரி. அப்பால மாமா இன்னா சொன்னாரு... சும்மா சொல்லுண்ணா, அவரு சொன்னத சொல்றதுல உனக்கு இன்னா.

...‘பந்தில ஏரி எறா இருக்கணும்டா’ன்னாரா.

எந்தப் பந்தி. நம்ம வூட்டுல இன்னா விசேஷம்.

...இல்ல, பேச்ச மாத்தாத. நீ வாயே தெறக்கலன்ன. வாயே தெறக்காதவங்கிட்ட ஒரு மனுஷன் எதுக்கு விருந்து கேக்கப் போறாரு. நடுவுல ஒரு வரிய முழுங்கிட்ட. இத்தினி மாசமா உனக்கு இதத்தானே சொல்லிக் குடுத்தேன், முன்னாடி வரியும் பின்னாடி வரியும் ஒட்டலன்னா நடுவுல இன்னா கீதுன்னு தேடுன்னு. நான் தேடிட்டேன். உன் வாயால சொல்லு.

...எனக்கா. எனக்குக் கல்யாணம்னு சொன்னியா... பேச்சு நடக்குதுன்னு. எங்க நடக்குது. யாரோட. மாப்ளைக்குப் பேராவது வெச்சிட்டியா, இல்ல அதுக்கும் சீட்டு குலுக்கப் போறீங்களா.

...

என்ன வெச்சே என்ன வெட்டிட்டியேண்ணா.

அம்மா பக்கத்துல கீதா. குடு... குடு போன... அம்மாவுக்கும் தெரியுமா. இன்னிக்கித்தானா, முன்னாடியேவா... முன்னாடியே. ஸ்பீக்கர்ல போடு... அம்மா. அம்மா, பேசு. திட்டமாட்டேன், ஒரு வார்த்த பேசு... அடுப்புல வேலையா. சரிண்ணா. நேத்து எங்கிட்ட அரமணி நேரம் பேசிச்சே, நெத்திலி காய வெச்ச கத எல்லாம் சொல்லிச்சே. சரி. அடுப்பப் பாக்கச் சொல்லு.

இப்ப நான் சொல்றேன், நீ கேளு. டிரஸ்ட்டுக்குப் பேரு எப்பப் போவுது... நாளைக்கி. தலைவர்தான் எடுத்துனு வராரா. சரி. மொத பஸ்ல நான் ஊருக்கு வரேன். கோயில் வாசல்ல நிப்பேன்... தெரியும். பொம்பள அங்க வந்து நின்னதில்ல, தெரியும். அவங்க அவங்களுக்கு மூச்சு முட்டறப்ப மட்டும் பொம்பள அவங்க மாரு மேல கைய வெச்சி அமுக்கலாம், அப்ப எவனும் வழக்கம் பேசமாட்டான்... நான் தப்பாப் பேசல. டூட்டியத்தான் சொல்றேன்.

நீ எழுந்து நின்னு ஒரே ஒரு விஷயம் சொல்லணும். எந்தங்கச்சிக்குக் கல்யாணப் பேச்சு எதுவும் இல்ல, நான் பொய் சொன்னேன்னு. அவ்ளோதான். மிச்சத்த நான் பேசிக்கறேன். குடத்த மறுபடி கொண்டாரச் சொல்வேன். எம்பேரும் உள்ள போவட்டும், உம்பேரும் போவட்டும். அப்பவும் உம்பேரே வந்துச்சின்னா ஏர்போர்ட்டுக்கு உம் பொட்டிய நானே தூக்கினு வரேன்... மாட்டியா. ஏன்... மானம் போயிடுமா. உம் மானம். அப்ப எம் மானத்துக்கு எவன் வூட்டுல கல்யாணப் பந்தல் போட்டு வெச்சிருக்கான்.

...இன்னா சொன்ன. இன்னொரு தபா சொல்லு... ‘பாடு இல்லாத ஆளுக்கு ஊர்ல பேச்சு இல்ல.’ ஆங். நல்லா சொன்ன. இதுல ஒரு வார்த்தகூட தப்பு இல்ல. இத வாசல்ல சத்தமா சொல்லு, பொம்பளைங்க எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லு.

...இன்னும் இன்னா.

...இல்ல, சரியாத்தான் கேட்டுச்சி, நம்பத்தான் முடியல. நாளைக்கும் வார்த்த கேக்கணுமா. எங்கிட்டயா... பாசேஜு உனக்கு ஓடலியா. நாலாவது கேள்விக்கு மேல போவலியா... ஆமா, ஊருக்குக் கெடச்ச ஒரு எடம் வீணாப் போவக்கூடாது. ஆமா. தங்கச்சி எடத்த எடுத்துக்கினாலும் தங்கச்சிதான் பாஸாக்கி உடணும்.

சிரிக்கறேன்னு நெனைக்காத. வேற இன்னா செய்யறதுன்னு தெரியல.

கத்துத் தரேண்ணா. கண்டிப்பாத் தரேன். நாளைக்கிக் காலைல, தலைவர் முன்னால, மாமா முன்னால, பொஸ்தகத்த எடுத்துனு வந்து கேளு. எனக்குத் தெரியல, எந்தங்கச்சிக்குத்தான் தெரியும்னு மொதல்ல சொல்லு, அப்பால கேளு... போன வெக்காத. அண்ணா, நான் இன்னும் முடிக்கல... இது மிரட்டல் இல்ல. அண்ணா, அம்மாகிட்ட ஒரு வார்த்த... ஹலோ.

ஹலோ.

*

இணைப்பைத் துண்டித்தவன் அண்ணன். அவள் மறுநாள் சொன்னபடியே கோயில் வாசலில் போய் நின்றாள். ராஜேந்திரன் வரவில்லை. வீட்டு வழக்கை வீட்டில் தீர்த்துக்கொள்ளும்படி அவளுக்குச் சொன்னார்கள். அவள் நகரவில்லை. வெயில் ஏறும்வரை நின்ற பிறகு, வருகிற அமாவாசையன்று மறுபடி கூடிப் பேசுவதாகத் தலைவர் இறங்கி வந்தார். அறக்கட்டளைக்குப் போக வேண்டிய பெயர் அதுவரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வெற்றி என்று எவரும் இதைச் சொல்லிக்கொள்ள வேண்டாம். குடம் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது; அவள் பெயர் இன்னும் வெளியே இருக்கிறது.

பெண் படிக்கலாம் என்று மேடையில் நாம் முழங்கி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. படித்தாள். படித்ததை அண்ணனுக்கும் சொல்லிக் கொடுத்தாள். பங்கு பிரிக்கும் வேளையில் அவளுக்கு ஒரு பொய்க் கல்யாணத்தைக் கட்டி வைத்து வெளியே நிறுத்தினோம். நிறுத்தியவன் ஒருவன்தான், வாய் மூடிக் குந்தியிருந்தவர்கள் ஊர் முழுவதும்.

ஏரியோரத்துத் தலைக்கட்டுகளே, இதைப் படிக்கும் அண்ணன்மாரே, தந்தையரே, கணவன்மாரே: அமாவாசை வருவதற்குள் உங்கள் வீட்டுப் பெண்ணிடம் போய் அவள் விருப்பத்தைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரியும் என்று எண்ணிக்கொள்ளாமல் கேளுங்கள். அவள் பெயரை ஒரு சீட்டில் எழுதுங்கள். அவளையும் உடன் அழைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், கோயில் வாசலுக்குப் போங்கள். அவள் சீட்டு உள்ளே விழும்வரை உங்கள் சீட்டை எவர் கையிலும் கொடுக்காதீர்கள்.